வெள்ளிக்கிழமை தோண்டிய குழி

ஸ்வர்ணலதாவுக்கு மூக்கு வேலை செய்யாது. மூக்கு இருந்தது, அதில் ஒற்றைக்கல் மூக்குத்தியும் இருந்தது, மூச்சு ஒழுங்காகப் போய் வந்தது. வாசனை மட்டும் தெரியாது. கொரோனாவின் இரண்டாவது அலையில் ஊரே படுத்தபோது அவளும் படுத்தாள். எழுந்தபோது பலருக்கும் போன மாதிரி அவளுக்கும் வாசனை போயிருந்தது. மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில், இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. அவளுக்கு ஐந்து வருஷமாக வரவில்லை.

கண் போனால் கையைப் பிடித்து ரோடு தாண்டி விடுவார்கள். காது போனால் பக்கத்தில் வந்து கத்துவார்கள். மூக்கு போனவளுக்கு யார் என்ன செய்ய முடியும்? "நல்லதாப் போச்சு, இனிமே கூவம் பக்கம் நிம்மதியாப் போகலாம்" என்று ஒரு ஜோக்கைச் சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்த ஜோக்கை ஐந்தாறு பேரிடம் கேட்டதும் ஸ்வர்ணலதாவுக்கு அலுத்துவிட்டது. "வந்துடுச்சு, நல்லாத் தெரியுது" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். கணவன் ஜவஹரிடமும் அப்படித்தான் சொன்னாள். தி. நகர் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவுக்கு மேற்பார்வையாளராக நாள் முழுக்க நின்று, கால் வீங்கி வீட்டுக்கு வருகிற மனுஷன் அவர். நல்ல செய்தி என்றால் கேள்வி கேட்காமல் நம்புவார்.

மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடி வீடு. அதில் அவள் எச்சரிக்கையாக வாழ்ந்தாள். பாலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே காய்ச்சினாள். காஸ் குழாயைப் படுக்கப் போகுமுன் இரண்டு தடவை மூடினாள். ரசத்தில் பெருங்காயம் கூடிவிட்டதா என்று மகள் ஸ்நேஹாவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். காபி சூடாக இருந்தது, மல்லிகைப்பூ வெள்ளையாக இருந்தது, அதற்கு மேல் எதைப் பற்றியும் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைக்குப் பட்டு கட்டி நிறுத்தியிருப்பார்களே, அப்படி எல்லாமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. போன வருஷம் அப்பா காலமானார். திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து உஸ்மான் ரோட்டுப் பாத்திரக்கடையில் முதுகொடிய உழைத்து, ஒரே மகளை மண்ணியல் படிக்கவைத்த அப்பா. அவள் அழவில்லை. "மனசைக் கல்லாக்கிக்கிட்டா பாரு" என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். கல்லெல்லாம் ஒன்றும் இல்லை. உள்ளே எதுவுமே இல்லை, அவ்வளவுதான்.

இதில் கொடுமை, அவள் பார்த்த வேலை. அடையாறில் ஸ்ரீரங்கன் என்பவர் நடத்திய சின்ன மண் ஆய்வு நிறுவனத்தில் அவள் பதினைந்து வருஷத்துக்கு மேல் இருந்தாள். மேலே ஆபீஸ், கீழே ஆய்வகம், இரண்டுக்கும் நடுவில் செருப்புகள். கட்டடம் கட்டுகிறவர்களுக்கு அஸ்திவாரம் தாங்குமா என்று சொல்வதுதான் முதலில் தொழில். பிறகு பழைய பெட்ரோல் பங்குகள் ஒவ்வொன்றாக மூடி, அந்த மனையில் அடுக்குமாடி எழும்பத் தொடங்கியது. பங்குக்குக் கீழே பெரிய இரும்புத் தொட்டிகளைப் புதைத்து வைத்திருப்பார்கள். முப்பது நாற்பது வருஷத்தில் இரும்பு துருப்பிடிக்கும், ஊசி முனை ஓட்டை விழும், பெட்ரோல் மண்ணுக்குள் கசியும். கசிந்தது நிலத்தடி நீரில் போய் மிதக்கும். மேலே நிற்பவனுக்கு எதுவும் தெரியாது. மனையை வாங்குகிறவர்கள் இப்போதெல்லாம் விவரம் தெரிந்தவர்களாகிவிட்டார்கள், மண் சுத்தமா என்று கேட்கிறார்கள். அதைக் கண்டுபிடிப்பதுதான் ஸ்வர்ணலதாவின் வேலை.

மனையில் அங்கங்கே குழி போடுவார்கள். ஒவ்வொரு அரை மீட்டருக்கும் மண் வெளியே வரும். வாசம் வந்த மண் கண்ணாடிப் புட்டியில் அடைபட்டு, ஐஸ் பெட்டியில் உட்கார்ந்து ஆய்வகத்துக்குப் போகும். வாசம் வராத மண் குழிக்கே திரும்பிப் போகும். எல்லா மண்ணையும் சோதிக்க யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆவியை அளந்து சொல்ல ஒரு மீட்டர் இருந்தது, நிறுவனத்துக்கு மொத்தமே அந்த ஒன்றுதான். அது வருஷத்தில் பாதி நாள் பெங்களூரில் ரிப்பேரில் இருக்கும். "மூக்கு இருக்கே, அப்புறம் என்ன?" என்பார் ஸ்ரீரங்கன்.

ஆக, விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். நாற்பத்துமூன்று வயதில் வேறு வேலை தேடுவதைப் பற்றி அவள் யோசித்துப் பார்த்தாள். பயம் கூடச் சரியாக வரவில்லை. ஆனாலும் மறைத்தாள்.

எப்படிச் சமாளித்தாள் என்றால், அப்துல் வஹீதின் முகத்தை வைத்து. குழி போடும் ஒப்பந்தக்காரர் வஹீத் பாய். ராயப்பேட்டைக்காரர், ஐம்பத்தைந்து வயது, வெள்ளைத் தாடி. மண் வெளியே வந்ததும் அவர் மூக்கு சுருங்கினால் லேசான வாசம். தலையைத் திருப்பிக்கொண்டு "யா அல்லா" என்றால் பலமான வாசம். சும்மா நின்றால் ஒன்றுமில்லை. ஸ்வர்ணலதா மண்ணை முகத்தருகே கொண்டுபோய் மோப்பது போலச் செய்துவிட்டு, ஓரக்கண்ணால் அவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்வாள். ஐந்து வருஷத்தில் ஒரு தடவை கூடத் தப்பவில்லை. வஹீத் பாயின் முகம் அத்தனை தெளிவாகப் பேசும். சில சமயம் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறது என்று அவளுக்குத் தோன்றியதுண்டு.

இந்த ஏப்ரலில் மயிலாப்பூரில் ஒரு வேலை வந்தது. லஸ் முனைக்கு அந்தப் பக்கம், இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூடிய பங்க். மேலே கூரை மட்டும் நின்றது, அதன் கீழ் யாரோ கார்களை நிறுத்தியிருந்தார்கள். பின்பக்கம் ஒரு காம்பவுண்டு சுவர். சுவருக்கு அந்தப் புறம் ஒரு சந்து, அதில் நெருக்கமாக நாலைந்து ஓட்டு வீடுகள். சுவரை ஒட்டிய முதல் வீட்டில் ஜெயலக்ஷ்மி இருந்தாள். அவள் இட்லி மாவு ஆட்டி அந்தப் பகுதிக்கே விற்கிறவள். புருஷன் ஆட்டோ ஓட்டுகிறார். மகள் கீர்த்தி பிரசவத்துக்கு வந்து பெற்ற பெண் குழந்தை இன்னும் பெயர் வைக்காமல் தூளியில் கிடந்தது.

முதல் நாளே ஜெயலக்ஷ்மி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"இன்னாமா தோண்டிக்கினு கீறீங்க? புதையலா?"

"மண் டெஸ்ட் பண்றோம்க்கா."

"வெயில்ல மண்ட காஞ்சிறப் போவுது. இந்தா, தண்ணி குடிங்க."

எவர்சில்வர் குடத்தைச் சுவர் மேல் வைத்தாள். மண்பானையில் ஊற்றி, வெட்டிவேர் போட்டு ஆறவைத்த தண்ணீர். "எங்கூட்டுக் கெணத்துத் தண்ணிமா. மெட்ரோ தண்ணி கால்ல வுயுந்தாலும் வராது, இது எப்பவும் வத்தாது. கல்கண்டு மாரி கீதுன்னு எல்லாம் சொல்வாங்க" என்றாள். அவள் குரலில் பெருமை. வஹீத் பாய் குடித்துவிட்டு, "வெட்டிவேர் வாசம் தூக்குது" என்றார். ஸ்வர்ணலதாவும் சொம்பு சொம்பாகக் குடித்தாள். குளிர்ச்சியாக இருந்தது. வேலை நடந்த நாளெல்லாம் அந்தக் குடம் சுவர் மேல் வந்து உட்கார்ந்தது.

முதல் மூன்று குழிகள் தொட்டிகளைச் சுற்றிப் போட்டவை. அவற்றில் வாசம் வந்தது, வஹீத் பாய் அல்லாவைக் கூப்பிட்டார், புட்டிகள் நிறைந்தன. அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். தொட்டியடி மண்ணைத் தோண்டிக் கொட்டிவிட்டால் தீர்ந்தது. முக்கியமானது நாலாவது குழி. அது பின்சுவரை ஒட்டி, ஜெயலக்ஷ்மியின் கிணற்றுக்கு நேர் எதிரே வந்தது. கசிவு மனையைத் தாண்டி வெளியே போயிருக்கிறதா இல்லையா என்பதை அந்த ஒரு குழிதான் சொல்லும்.

அது வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. வஹீத் பாயின் ஆட்கள் இரண்டு பேரும் ஓட்டுப் போட வங்காளத்துக்கு ரயிலேறியிருந்தார்கள். மத்தியானம் பாய் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டு, வெள்ளை ஜிப்பாவோடு திரும்பி வந்து, அதன் மேல் பழைய சட்டையை மாட்டிக்கொண்டார். அவரும் ஸ்வர்ணலதாவுமே மண் துளைக்கும் கருவியின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோண்டினார்கள். நாலு மீட்டருக்கு அருகே மண் சாம்பல் நிறத்தில் வந்தது. பெட்ரோல் பட்ட மண் அந்த நிறத்தில் இருக்கும். சாக்கடை ஊறிய மண்ணும் அதே நிறத்தில்தான் இருக்கும், சுவரோரமாக ஒரு பழைய சாக்கடை ஓடியது. அவள் மண்ணை முகத்தருகே கொண்டுபோய்விட்டு ஓரக்கண்ணால் பார்த்தாள். வஹீத் பாயின் முகம் தொழுதுவிட்டு வந்த முகமாக, சாந்தமாக இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

சாக்கடைதான் என்று அவள் முடிவு செய்தாள். மண் குழிக்குத் திரும்பிப் போனது.

அடுத்த வாரம் குழிகளைச் சிமெண்டுக் கரைசல் ஊற்றி அடைப்பதற்காக மறுபடி போனார்கள். வேலை முடியும் நேரம் ஜெயலக்ஷ்மி கூப்பிட்டாள். "உள்ளாற வந்து எம்பேத்தியப் பாத்துட்டுப் போம்மா. இத்தினி நாளா சொவுத்துக்கு அந்தாண்டயே நின்னுக்கினு கீறே."

ஸ்வர்ணலதா சுற்றிக்கொண்டு சந்துக்குள் போனாள். கீர்த்தி குழந்தையை அவள் கையில் கொடுத்தாள். எல்லோரும் செய்வது போல அவளும் குனிந்து உச்சந்தலையை முகர்ந்தாள், எல்லோரும் சொல்வது போல "என்ன வாசனை!" என்றாள். சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. கிணற்றடியில் சிமெண்டுத் தொட்டி. மோட்டார் போட்டு அப்போதுதான் நிரப்பியிருந்தார்கள். வெயில் நேராக விழுந்த இடத்தில், தண்ணீரின் மேல் மெல்லிய ஏடு படர்ந்திருந்தது. நீலம், ஊதா, கொஞ்சம் மஞ்சள். மழைக்காலத்தில் ஆட்டோ ஸ்டாண்டுப் பள்ளங்களில் தெரியுமே, அதே நிறங்கள்.

"இது எப்பத்திலிருந்துக்கா இப்படி இருக்கு?"

"எது? அந்த எண்ணையா? மோட்டாரு ஒயுவுது. இவர் ரிப்பேர் பண்றேன் பண்றேன்னு சொல்லிக்கினே கீறாரு. அதான் குடிக்கிறதுல வெட்டிவேர் போட்டுர்றது. ஒண்ணியும் தெரியாது."

"குழந்தைக்கு?"

"தெனிக்கும் இதுலதான் ஊத்தறோம். காய்ச்சித்தான் ஊத்தறோம்மா, பச்சத்தண்ணி ஊத்துவோமா?"

ஸ்வர்ணலதா குழந்தையைத் திருப்பிக் கொடுத்தாள். சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் நாலாம் குழி. தப்பு எங்கே நடந்தது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஏன் நடந்தது என்றுதான் புரியவில்லை.

வஹீத் பாய் வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார். "பாய், நாலாம் குழியில உங்களுக்கு வாசம் வந்துச்சா?" என்று கேட்டாள்.

அவர் கையிலிருந்த இரும்புக் கழியைக் கீழே வைத்தார். "இன்னா மேடம், திடீர்னு?"

"வந்துச்சா, வரலையா?"

"அன்னிக்கு வெள்ளிக்கிழமை மேடம்" என்றார். "பள்ளில அத்தர் போட்டுக்கினு வந்தேன். காதுல பஞ்சு வச்சிருந்தேன். எனுக்கு ஊரே அத்தர் வாசமா அடிச்சிக்கினு இருந்திச்சு." ஒரு நிமிஷம் தாடியைத் தடவினார். "நானும் நெனச்சேன். எடுத்து எறிஞ்சிருக்கணும். மறந்துட்டேன். எம்மேலதான் தப்பு, மேடம்."

"உங்க மேல என்ன தப்பு? மோந்து பாக்கறது என் வேலைதானே?"

வஹீத் பாய் அவளை நேராகப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். "மேடம், சைதாப்பேட்டை சைட்டுல ஒரு நாள் டிபன் பாக்ஸ் தொறந்து சாப்ட்டீங்களே, சாம்பார் சாதம். அது ஊசிப் போயி பத்தடிக்கு நாறிச்சு. நீங்க பாட்டுக்கு துன்னுக்கினு இருந்தீங்க. அன்னிக்கே எனுக்குத் தெரியும். நாலு வருசம் ஆவுது. நம்ம மூஞ்சியப் பாத்துத்தான் மேடம் வேலை செய்றாங்கன்னு புரிஞ்சிக்கினேன். அதான் கொஞ்சம் ஓவராவே மூஞ்ச காட்டிக்கினு இருந்தேன்."

இதைக் கேட்டு வேறொருத்தி கூனிக் குறுகியிருக்கலாம், இல்லை நெகிழ்ந்து கண் கலங்கியிருக்கலாம். ஸ்வர்ணலதாவுக்கு இரண்டும் நடக்கவில்லை. "அப்படியா" என்றாள். தண்ணீருக்குள் இருந்துகொண்டு யாரோ கரையில் பேசுவதைக் கேட்பது போல இருந்தது. நாலு வருஷமாக ஒரு மனுஷன் அவளுக்காக மூக்கைச் சுருக்கியிருக்கிறார், முகத்தைத் திருப்பியிருக்கிறார், இல்லாத அளவுக்கு அல்லாவைக் கூப்பிட்டிருக்கிறார். அது பெரிய விஷயம் என்று அவளுக்கு அறிவில் தெரிந்தது. அதோடு நின்றுவிட்டது.

இனி என்ன செய்வது என்பது ஒன்றும் கஷ்டமான கணக்கு இல்லை. நாலாம் குழி சுத்தம் என்று அறிக்கை போனால், தொட்டியடி மண்ணை மட்டும் அள்ளிவிட்டு அடுக்குமாடி கட்டத் தொடங்கிவிடுவார்கள். ஜெயலக்ஷ்மி மோட்டாரைத் திட்டிக்கொண்டே வெட்டிவேர் போடுவாள், மாவு ஆட்டுவாள், குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுவாள். குழியைத் திரும்பத் தோண்டினால் இதெல்லாம் நிற்கும். ஆனால் முதல் தடவை எப்படித் தவறிற்று என்று கேட்பார்களே. அங்கேதான் ஸ்வர்ணலதாவின் சோறு இருந்தது.

அடையாறு ஆபீஸில் ஸ்ரீரங்கன் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மயிலாப்பூரில் பிறந்து, அங்கேயே படித்து, மத்தியானம் சாப்பாட்டுக்கு இன்னும் ஆத்துக்கே போகிறவர். கெட்டவர் இல்லை. எப்போதும் களைத்துப்போன மனுஷர்.

"சார், நாலாம் குழியைத் திரும்பப் போடணும்."

"என்னம்மா சொல்றே? நாளைக்கு அனுப்பறோம்னு நான் வாக்குக் குடுத்திருக்கேன். இப்ப வந்து நிக்கறே?"

"பக்கத்து வீட்டுக் கிணத்துல எண்ணெய் மெதக்குது சார். அன்னிக்கு எனக்குச் சரியா வாசம் தெரியல." பிறகு சேர்த்துக்கொண்டாள். "ஜலதோஷம்."

ஸ்ரீரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டுவார் என்று அவள் நின்றாள். "மீட்டர் இல்லாம உன்னை அனுப்பினது நான்தான்" என்றார் அவர். "ஜலதோஷம்னா சொல்லப்படாதோ? சரி, போடு. நானும் வரேன். மயிலாப்பூர்க்காரா குடிக்கற தண்ணி, அப்புறம் எனக்குத் தூக்கம் வராது."

இத்தனை சுலபமாக முடியும் என்று அவள் நினைக்கவில்லை. ஒரு வார்த்தைப் பொய். அதை அவர் ஒரு கேள்வி கூடக் கேட்காமல் வாங்கிக்கொண்டார். வெளியே வந்து மாம்பலம் பஸ்ஸுக்கு நின்றபோது, பிழைத்துவிட்டோம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். நிம்மதி என்று எதுவும் வந்து சேரவில்லை.

திங்கட்கிழமை காலையில் நாலாம் குழிக்கு ஓரடி தள்ளிப் புதுக்குழி போட்டார்கள். ஆட்கள் ஊரிலிருந்து திரும்பியிருந்தார்கள். வஹீத் பாய் அத்தர் போட்டிருக்கவில்லை. நாலு மீட்டரில் அதே சாம்பல் மண் வந்தது. இந்த முறை யார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆட்கள் இரண்டு பேரும் பின்வாங்கினார்கள். ஸ்ரீரங்கன் நெற்றியில் ஸ்ரீசூர்ணத்தோடு குனிந்து, மண்ணைக் கையில் எடுத்து, உடனே போட்டுவிட்டு, "பகவானே, சுத்தப் பெட்ரோல்" என்றார்.

பிறகு அவரே சொன்னார், "வா, அந்தம்மாகிட்ட நேர்ல சொல்லிடலாம். லெட்டர் கிட்டர்னு அனுப்பிண்டிருந்தா இன்னும் நாலு நாள் குடிச்சுடுவா."

ஜெயலக்ஷ்மி கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஸ்ரீரங்கன் பொறுமையாகச் சொன்னார். தொட்டி ஓட்டையானது, பெட்ரோல் மண்ணுக்குள் நடந்து கிணற்றுக்கு வந்தது, இனி இந்தத் தண்ணீரைக் குடிக்கக்கூடாது, சமைக்கக்கூடாது, காய்ச்சினாலும் கூடாது, குழந்தை மேல் ஒரு சொட்டுப் படக்கூடாது. மோட்டாரை அணைக்கச் சொன்னார். அதிகாரிகளிடம் இன்றே சொல்லி லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். ஜெயலக்ஷ்மி ஈரக்கையைப் புடவையில் துடைக்கக்கூட இல்லாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"மோட்டாரு எண்ணெ இல்லியா அது?" என்றாள்.

"இல்லம்மா."

"இத்தினி நாளா அதுலதான மாவாட்டினேன். தெருவே துன்னுதே. கொயந்தைக்கு..." நிறுத்தினாள். "பங்க் வாடையிலயே குடும்பம் நடத்துனவ நானு. முப்பத்தஞ்சு வருசமா இந்த வூட்ல கீறேன். எம்மூக்குக்கு பெட்ரோல் வாடையும் ஒண்ணுதான், வூட்டு வாடையும் ஒண்ணுதான்." அப்போதுதான் ஸ்வர்ணலதாவின் பக்கம் திரும்பினாள். "உனுக்கு இன்னாமா? நீ அத்த மோந்து பாக்கத்தான வந்தே? சொம்பு சொம்பா குடிச்சியே, உனுக்குமா தெரில?"

"அவளுக்கு அன்னிக்கு ஜலதோஷம்மா" என்றார் ஸ்ரீரங்கன்.

"ஆமாக்கா" என்றார் வாசலில் நின்ற வஹீத் பாய். "மேடத்துக்கு செம சளி."

ஜெயலக்ஷ்மி ஏற்றுக்கொண்டாள். சளி பிடித்தவளை என்ன சொல்ல முடியும்? தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். முடிந்தது என்று ஸ்வர்ணலதா நினைத்தாள். ஆனால் அவள் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்தோடு திரும்பி வந்தாள்.

"இது தெருக்கொயாயோட கைப்பம்புல புடிச்சது. மெட்ரோ தண்ணி, நேத்து ராவிக்கு வந்திச்சு. ஆனா கைப்பம்பும் இந்தச் சொவுத்தாண்டதான் கீது. புள்ளைக்கு இன்னும் ஒடம்பு கயுவல." குடத்தை ஸ்வர்ணலதாவின் கையில் கொடுத்தாள். "இப்போ சளி வுட்டுப்போச்சில்ல? நீ மோந்து பாத்துச் சொல்லு. இத்த ஊத்தலாமா?"

"குடும்மா, நான் பாக்கறேன்" என்று ஸ்ரீரங்கன் கை நீட்டினார்.

"ஐயரே, நீ இன்னிக்குத்தான் வந்தே. இந்தப் பொண்ணு எங்கூட்டுத் தண்ணி குடிச்ச பொண்ணு. எம்பேத்தியத் தூக்கிக்கினவ. அவளே சொல்லட்டும்."

ஸ்வர்ணலதா குனிந்தாள். குடத்தின் வாய் முகத்தில் சில்லென்று பட்டது. மூச்சை இழுத்தாள். காற்று வந்தது. இன்னொரு தடவை இழுத்தாள், அப்போதும் காற்றுதான் வந்தது. நிமிர்ந்தபோது ஜெயலக்ஷ்மியின் தோளுக்குப் பின்னால் வஹீத் பாய் இரண்டு எட்டு முன்னால் வந்திருந்தார். குடத்தின் பக்கமாகக் கழுத்தை நீட்டி ஒரு தரம் இழுத்து, மூக்கைச் சுருக்காமல், தலையைத் திருப்பாமல், முகத்தை அப்படியே அவளுக்காக வைத்துக்கொண்டு நின்றார். நல்ல தண்ணீர் என்று அந்த முகம் சொன்னது. அதைப் பார்த்து "ஊத்தலாம்க்கா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐந்து வருஷமாகச் சொன்னதுதான்.

தூளிக்குள்ளிருந்து குழந்தை சிணுங்கியது. இரண்டு அடி தள்ளி நிற்கிற மனுஷனுக்குக் குடத்துக்குள் இருப்பது எவ்வளவு தெரியும்?

"எனக்குத் தெரியலக்கா" என்றாள்.

"சளி போவலியா இன்னும்?"

"சளியெல்லாம் இல்ல. எனக்கு வாசனையே தெரியாது. கொரோனா வந்ததிலிருந்து தெரியாது. அன்னிக்கும் தெரியாது, இன்னிக்கும் தெரியாது."

வஹீத் பாய் தலையைக் குனிந்துகொண்டார். ஸ்ரீரங்கன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது.

ஜெயலக்ஷ்மி கத்தவில்லை. கத்தியிருந்தால் ஸ்வர்ணலதா தாங்கியிருப்பாள், கத்துகிறவர்கள் எதிரே நின்று அவளுக்குப் பழக்கம். ஜெயலக்ஷ்மி நிஜமாகவே புரியாமல், ஒரு சின்ன சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"அப்போ உன்ன எதுக்குமா அனுப்பிச்சாங்க?"

ஜெயலக்ஷ்மி குடத்தை ஸ்வர்ணலதாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய், ஏப்ரல் மாதத்தில், ஒரு முழுக் குடம் மெட்ரோ தண்ணீரை, நல்லதோ கெட்டதோ, சாக்கடையில் கவிழ்த்தாள். அது தீரும்வரை கொட்டிக்கொண்டே நின்றாள். ஸ்வர்ணலதாவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ பிய்ந்தது போல வலித்தது. கையால் அழுத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். இதுதான் அவமானம் என்று அடையாளம் தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.